மலை வீட்டுக்குத் துவைத்து உலர்த்தும் ஒரே மெஷினா, தனித்தனி மெஷினா?

அரவேனு வாசி:

கோத்தகிரி பக்கம் அரவேனுவில் வாடகை வீட்டில் இருக்கிறோம். ஐப்பசி பிறந்ததிலிருந்து கொடியில் போட்ட துணி காயவே இல்லை. காலையில் மேகம் இறங்கி வாசலை மூடிவிடுகிறது, மதியத்துக்கு மேல் மழை, இரவில் குளிர். மூன்றாம் நாள் எடுத்து முகர்ந்து பார்த்தால் முடைநாற்றம். மறுபடியும் துவைக்கிறேன், மறுபடியும் அதே கதை.

நான் பிறந்து வளர்ந்தது மதுரை. அங்கே மொட்டை மாடியில் போட்டுவிட்டுக் கீழே இறங்கி ஒரு வேலையை முடிப்பதற்குள் துணி காய்ந்துவிடும். அதனால் சமவெளியில் இருப்பவர்களின் யோசனை எனக்கு இப்போது உதவாது. மலையில் குடும்பம் நடத்துபவர்கள் சொல்லுங்கள்.

வீட்டில் ஐந்து பேர். கணவர், நான், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், மாமியார். மாமியார் ஆவணியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து படுக்கையிலேயே இருக்கிறார். தினமும் குறைந்தது இரண்டு படுக்கை விரிப்பு, ரப்பர் ஷீட்டின்மேல் போடும் துண்டுகள், நைட்டிகள். பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு செட் சீருடை. இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்த்தே ஈரத்தை எடுக்கிறேன், ஆனாலும் காலருக்குள் ஈரம் நிற்கிறது. சின்னவனுக்கு இருமல் விடவே இல்லை. சில நாள் கரி அடுப்பின்மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் துண்டுகளைப் பரப்புகிறோம். மாமியார் அறையில் அதை வைக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

இப்போது இருப்பது பழைய செமி ஆட்டோமேட்டிக். கோயம்புத்தூரில் ஒரு கடையில் கேட்டோம். துவைப்பதும் உலர்த்துவதும் ஒரே மெஷினில், துவைக்க 8 கிலோ, உலர்த்த 5 கிலோ, போட்டால் காய்ந்தே வெளியே வரும் என்று காட்டினார்கள். தனித்தனியாக வாங்கினால் இடமும் பணமும் இரட்டிப்பு என்றார்கள். எங்கள் கையில் 75 ஆயிரம் ரூபாய் இருக்கிறது, அதற்குமேல் முடியாது. மெஷின் வைக்க சமையலறைக்குப் பின்னால் ஒரு சாய்ப்பு இருக்கிறது. நாலடி அகலம், சிமென்ட் தரை, தகரக் கூரை, ஒரு ஜன்னல். குழாயில் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும், பிடித்து வைக்கத் தொட்டி உண்டு. காற்றடித்தால் கரண்ட் போய்விடும். எதை வாங்குவது?


செண்பகனூர் சாரல்:

கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் சொல்லும் சேர்ந்த மெஷின்தான் எங்கள் வீட்டிலும் ஓடுகிறது. நானும் மனைவியும் மட்டும்தான். அடுக்குமாடி வீடு, வெளிச்சுவரில் ஓட்டை போட அனுமதி கிடையாது, குளியலறையில் ஒரு மெஷினுக்கு மட்டுமே இடம். படுக்கப் போகும்போது போட்டுவிடுவோம், விடிந்ததும் காய்ந்த துணியை எடுத்து மடிப்போம். எங்களுக்கு இது பெரிய வரம்தான், குறை சொல்ல மாட்டேன்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். 5 கிலோ உலர்த்தும் என்று எழுதியிருந்தாலும் நாங்கள் மூன்று, மூன்றரை கிலோவுக்குமேல் போடுவதில்லை. போட்டால் பேன்ட் இடுப்புப் பட்டையில் ஈரம் நிற்கும். துவைத்து உலர்த்தி முடிக்க ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர், அதில் ஒருவர் படுக்கையில் என்றால் எப்படிச் சமாளிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. மெஷின் பழுது பார்க்கிறவர்கள் யாராவது சொல்லட்டும்.


பெட்போர்டு மெக்கானிக்:

அம்மா, குன்னூரில் வாஷிங் மெஷின் பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு. அரவேனு, கட்டபெட்டு பக்கமும் வருவேன். உங்கள் வீட்டுக்குச் சேர்ந்த மெஷின் வேண்டாம். காரணங்களைச் சொல்கிறேன், நீங்களே எடை போட்டுப் பாருங்கள்.

முதலில் அந்த 8, 5 என்ற கணக்கு. துவைக்கும்போது டிரம்மை முக்கால்வாசிக்கு மேலும் நிரப்பலாம், தண்ணீரில் துணி அழுந்திவிடும். உலர்த்தும்போது அப்படி முடியாது. துணி மேலே ஏறி, பிரிந்து, கீழே விழ வேண்டும், நடுவில் சூடான காற்று புகுந்து வர வேண்டும். அதனால்தான் அதே டிரம்மில் உலர்த்தும் அளவு குறைகிறது. 8 கிலோ துவைத்தால் 3 கிலோவை ஈரத்தோடு கையால் வெளியே எடுத்து வாளியில் போட்டுவிட்டு மிச்சத்தை உலர்த்த வேண்டும். அது முடிந்த பிறகுதான் வாளியில் இருப்பதற்கு முறை வரும். உங்கள் வீட்டுத் துணியை எடை போட்டுப் பாருங்கள். இரட்டைக் கட்டில் பருத்தி விரிப்பு முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை வரும், கனமான குளியல் துண்டு அரைக் கிலோ வரும். மாமியாரின் படுக்கைத் துணி மட்டுமே ஒரு நாளைக்கு மூன்று, நாலு கிலோவைத் தொட்டுவிடும். அதற்கு மேல் நாலு பேர் உடுத்தும் துணி இருக்கிறது.

இப்போது நேரத்தைப் பாருங்கள். சேர்ந்த மெஷினில் ஒரு சுற்று ஐந்து, ஆறு மணி நேரம் ஓடும். அந்த நேரம் முழுக்கக் கதவு பூட்டியே இருக்கும். காலை பத்து மணிக்குச் சீருடையைப் போடுகிறீர்கள், பதினொன்றுக்கு மாமியாரின் விரிப்பு நனைகிறது. அந்த விரிப்பு சாயங்காலம் வரை வாளியில் கிடக்க வேண்டும். தனித்தனி மெஷின் என்றால் முதல் சுமை டிரையருக்குப் போனதும் அடுத்தது வாஷருக்குள் போய்விடும். உங்கள் வீட்டின் கஷ்டம் இடம் அல்ல, பணம்கூட அல்ல. துணி ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருப்பதுதான் கஷ்டம். அதற்கு இரண்டு டிரம் வேண்டும்.

தண்ணீர் விஷயத்தை எந்தக் கடையிலும் சொல்ல மாட்டார்கள். சேர்ந்த மெஷின் பலவற்றில், துணியிலிருந்து கிளம்பும் நீராவியைக் குளிர வைத்துத் தண்ணீராக்க, உள்ளே குழாய்த் தண்ணீரைச் சன்னமாக ஓட விடுகிறார்கள். அதாவது உலர்த்தும்போதும் தண்ணீர் செலவாகிறது, அதுவும் பல பத்து லிட்டர். நம் மலைத் தண்ணீர் குளிர்ச்சியாக இருப்பதால் அந்த வேலை இங்கே நன்றாகவே நடக்கும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தொட்டி காலியானால் உலர்த்தல் நின்றுவிடும், அல்லது முடிவில்லாமல் ஓடும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வரும் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை. காற்றாலேயே குளிர வைக்கும் சேர்ந்த மெஷின்களும் உண்டு. எது எப்படி என்று அறிய வேண்டுமானால் கையேட்டில் துவைக்க மட்டும் எத்தனை லிட்டர், துவைத்து உலர்த்த எத்தனை லிட்டர் என்று இரண்டு எண்ணைத் தேடுங்கள். இரண்டாவது எண் மிகவும் கூடுதலாக இருந்தால் அது குழாய்த் தண்ணீரைக் குடிக்கும் ரகம்.

அடுத்தது பஞ்சு. பருத்தித் துணி உலரும்போது நூல் தூசு பறக்கும். தனி டிரையரில் கதவைத் திறந்ததும் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு வலை இருக்கும். ஒவ்வொரு முறையும் உருவி எடுத்து விரலால் வழித்துவிட்டால் போதும். நான் கழற்றிய சேர்ந்த மெஷின்கள் பலவற்றில் அப்படி ஒரு வலையே கிடையாது. தூசில் பாதி ஈரத்தோடு வாசல் ரப்பரின் மடிப்பில் ஒட்டிக்கொள்கிறது, மீதி சூடான காற்று போகும் குழாய்க்குள் போய்ப் படிகிறது. மேல் மூடியைக் கழற்றி, காற்றாடியின் உறையைத் திறந்தால் சாம்பல் நிறத்தில் பழைய கம்பளி போல ஒரு திட்டு, விரலால் பிய்த்தாலும் வராது, கத்தி வைத்துச் சுரண்ட வேண்டும். அது அடைத்ததும் காற்று குறையும், காற்று குறைந்ததும் ஹீட்டரைக் காக்கும் தெர்மோஸ்டாட் விட்டு விட்டு அணைக்கும், ஐந்து மணி நேர வேலை எட்டு மணி நேரமாகும். வீட்டுக்காரர்கள் துணி காயவில்லை என்று கூப்பிடுவார்கள். துவைக்கும் பாகத்தில் கோளாறே இருக்காது, ஆனாலும் நான் மெஷினைப் பிரித்துப் போட்டால் துவைப்பதும் நின்றுவிடும். உதிரி பாகம் கோயம்புத்தூரிலிருந்து ஏறி வரும்வரை வீடு முழுவதும் கையால் துவைக்க வேண்டும். படுக்கையில் ஒருவர் இருக்கும் வீட்டில் இதை நான் அனுமதிக்கவே மாட்டேன்.

இனி எதை வாங்குவது என்று சொல்கிறேன். பலரும் டிரையரிலிருந்து யோசிக்கத் தொடங்குகிறார்கள். வாஷரிலிருந்து தொடங்க வேண்டும். துணியிலிருந்து தண்ணீரைப் பிழிந்து எடுப்பது மலிவு, சூடாக்கி எடுப்பது விலை அதிகம். நிமிடத்துக்கு 800 சுற்றில் பிழிந்தால் 5 கிலோ பருத்தியில் ஏறத்தாழ மூன்றரை லிட்டர் தண்ணீர் நிற்கும், 1400 சுற்றில் பிழிந்தால் இரண்டரை. அந்த ஒரு லிட்டர் வித்தியாசத்தை மோட்டார் சில நிமிடத்தில் தள்ளிவிடுகிறது. டிரையர் அதே லிட்டரை ஆவியாக்க அரை யூனிட்டுக்கு மேல் கரண்ட் வேண்டும், நேரமும் வேண்டும். ஆகவே 1400 சுற்று உள்ள ஃபிரண்ட் லோட் வாஷர். வீட்டில் இருக்கும் செமி ஆட்டோமேட்டிக்கைத் தூக்கிப் போடாதீர்கள், அழுக்கு விரிப்பை முதலில் அலசி எடுக்க அது வேண்டும்.

டிரையரில் மூன்று ரகம். ஈரக்காற்றைக் குழாய் வழியாக வெளியே தள்ளுவது ஒன்று. உள்ளேயே குளிர வைத்துத் தண்ணீரை ஒரு தொட்டியில் சேர்ப்பது இன்னொன்று. மூன்றாவது ஹீட் பம்ப், ஃபிரிட்ஜில் இருப்பது போன்ற வாயுவைக் கொண்டு சூட்டைச் சுழற்றி உலர்த்துவது, அதிலும் தண்ணீர் தொட்டியில் சேரும், கரண்ட் மிகக் குறைவு, விலை அதிகம். உங்கள் பணத்துக்கும் ஜன்னல் உள்ள சாய்ப்புக்கும் முதல் ரகம் சரி. பெல்ட், ஹீட்டர், தெர்மோஸ்டாட், மோட்டார், இவ்வளவுதான் உள்ளே. எது போனாலும் மலையிலேயே சரி செய்துவிடலாம். ஹீட் பம்ப்பில் வாயு கசிந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது, கம்பெனி ஆள்தான் மலையேற வேண்டும்.

ஒரே நிபந்தனை, குழாயை வெளியே விட்டே ஆக வேண்டும். உள்ளே விட்டால் அந்த நீராவி தகரக் கூரையில் பட்டு இரவெல்லாம் சொட்டும், ஒரே மாதத்தில் சுவர் கறுத்துவிடும்.


அரவேனு வாசி:

அண்ணா, இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு நன்றி. பஞ்சு விஷயம் எங்களுக்குச் சுத்தமாகத் தெரியாது. இரண்டு சந்தேகம். வெளியே இருக்கும் காற்றே மேகமாக ஈரமாக இருக்கிறது. அதையே உள்ளே இழுத்து உலர்த்தும் டிரையர் எப்படி உலர்த்தும்? இன்னொன்று, ஹீட் பம்ப் வாங்கினால் கரண்ட் பில்லிலேயே விலை திரும்பி வந்துவிடும் என்று கணவர் சொல்கிறார். அது உண்மையா?


பெட்போர்டு மெக்கானிக்:

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். குளிர்ந்த காற்று ஈரமாகத் தெரிந்தாலும் அதில் இருக்கும் தண்ணீர் குறைவு. 12 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று பத்து, பதினோரு கிராம் நீராவியைத்தான் தாங்கும், அதற்குமேல் மேகமாகிவிடும். உங்கள் கொடியில் நடப்பது அதுதான், காற்றில் இடமே இல்லாததால் துணியில் இருக்கும் ஈரம் போக வழியில்லை. அதே காற்றை 35 டிகிரிக்குச் சூடாக்கினால் 40 கிராம் வரை தாங்கும். டிரையர் அதற்கும் மேலே சூடாக்குகிறது. அப்போது அந்த மேகக்காற்றே வறண்ட காற்றாகிவிடும். மார்கழிக் குளிரில் ஓட்டினாலும் உலரும், கொஞ்சம் நேரம் கூடும், அவ்வளவுதான். கரண்ட் கணக்கை ஊட்டி ஐயா சொல்லட்டும், அவர் இந்தப் பக்கம் வருவார்.


பிங்கர்போஸ்ட் ஓய்வூதியர்:

வந்துவிட்டேன். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அம்மா, உங்கள் கணவர் சொல்வதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 0.63 யூனிட் தேவை. நன்றாகப் பிழிந்த 5 கிலோ துணியில் இரண்டரை லிட்டர் என்றால் 1.6 யூனிட். துணியையும் டிரம்மையும் சூடாக்குவது, வெளியே போகும் சூடு எல்லாம் சேர்த்து ஒரு சுமைக்கு இரண்டரை யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹீட் பம்ப் அதே சூட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதால் அதில் பாதிக்கும் குறைவாகவே இழுக்கும். தினமும் ஒரு சுமை என்றால் இரண்டு மாத பில்லில் ஒன்றுக்கு 150 யூனிட், மற்றதற்கு 70 யூனிட் என்று வரும். வித்தியாசம் 80 யூனிட்.

இந்த 80 யூனிட்டின் விலை உங்கள் மீட்டர் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டாத வீட்டில் அது சில நூறு ரூபாய்தான். தாண்டிவிட்டால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடாது, கீழ்ப் படியில் இருந்த யூனிட்டுகளின் கணக்கும் மாறிவிடும். பழைய பில்களை எடுத்து வைத்து, ஐப்பசி, கார்த்திகை எண்ணோடு 150ஐக் கூட்டிப் பாருங்கள். கெய்சர் இருக்கும் வீடு என்றால் கவனமாகப் பாருங்கள். ஆனால் நமக்கு டிரையர் வருடம் முழுவதும் தேவைப்படாது. தை, மாசியில் விடியற்காலையில் உறைபனி வெள்ளையாகப் படர்ந்தாலும் பத்து மணிக்கு மேல் வெயில் சுள்ளென்று அடிக்கும், துணி வெளியிலேயே காயும். ஊட்டிப் பக்கம் காந்தலிலும் தலைகுந்தாவிலும் போய்ப் பார்த்தால் தெரியும். உங்கள் கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழை மாதங்கள்தான் கடினம். கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு அதே கஷ்டம் ஆனி, ஆடியில். ஆண்டில் பாதி நாள் ஓடும் மெஷினுக்கு ஹீட் பம்ப்பின் கூடுதல் விலை திரும்பி வரப் பல வருடம் ஆகும். 500ஐத் தாண்டும் வீடாக இருந்து, சொந்த வீடாகவும் இருந்தால் நான் ஹீட் பம்ப்பைத்தான் சொல்வேன். வாடகை வீட்டுக்கு மெக்கானிக் தம்பி சொல்வதே சரி.

விலையைவிட முக்கியமான ஒன்று வயரிங். சூடான தண்ணீரில் துவைக்கும் வாஷர் 2000 வாட், சாதாரண டிரையர் 2000 வாட் அல்லது அதற்கு மேல். 16 ஆம்பியர் பிளக் ஒன்று தாங்குவது 3680 வாட். இரண்டையும் ஒரே பிளக்கில், ஒரு மல்டி பிளக்கை மாட்டி ஓட்டினால் வயர் உருகும். மீட்டர் போர்டிலிருந்து தனித்தனி வயர் இழுங்கள், எர்த் கட்டாயம். ஈரமான சாய்ப்பு என்பதால் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழும் டிரிப்பர் போட்டே ஆக வேண்டும். வீட்டுக்காரர் செலவு செய்ய மறுத்தால் நீங்களே செய்யுங்கள், பிள்ளைகள் நடமாடும் இடம்.

லோ வோல்டேஜ் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் அரவேனுவில் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் என்று எனக்குத் தெரியும். 230 வோல்ட் 180 ஆக இறங்கினால் ஹீட்டர் தரும் சூடு ஏறத்தாழ அறுபது சதவீதம்தான். துணி காயவில்லை என்று மெஷினைக் குறை சொல்வோம், காரணம் லைனில் இருக்கும். டிரையரைக் காலையில், முற்பகலில் ஓட்டுங்கள்.


வெலிங்டன் செவிலி:

அக்கா, மெஷின் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. மாமியாரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் படித்ததிலிருந்து மனம் அங்கேயே நிற்கிறது.

அந்தக் கரி அடுப்பை இன்றைக்கே அறையிலிருந்து எடுத்துவிடுங்கள். குளிருக்குக் கதவும் ஜன்னலும் சாத்திய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை இல்லை, புகையும் தெரியாது. தலை பாரமாக இருக்கும், தூக்கம் வரும், எழுந்து போக முடியாத ஒருவருக்கு அதோடு முடிந்துவிடும். துணி காயாவிட்டால் பரவாயில்லை.

விரிப்பில் லேசான ஈரம் இருந்தாலும் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வேகமாக வரும். கையை வைத்துப் பார்த்தால் காய்ந்த மாதிரியே இருக்கும், தையல் ஓரத்திலும் நடு மடிப்பிலும் ஈரம் ஒளிந்திருக்கும். அங்கே கன்னத்தை வைத்துப் பாருங்கள், கைக்குத் தெரியாத ஈரம் கன்னத்தில் ஜில்லென்று படும். அழுக்கு விரிப்பை முதலில் தனியாக அலசி, பிறகு 60 டிகிரியில் துவையுங்கள். துணி மென்மையாக்கும் திரவத்தை அவர் துண்டுகளுக்கு ஊற்ற வேண்டாம், ஊற்றினால் துண்டு ஈரத்தை உறிஞ்சாது. மெஷின் வரும்வரை விரிப்பின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளுங்கள், பழைய வேட்டிகளை நாலாக மடித்து அடியில் போட்டாலும் போதும், அவை சீக்கிரம் காயும்.


பெட்போர்டு மெக்கானிக்:

செவிலி தங்கை சொன்னதை அப்படியே செய்யுங்கள். அவர் சொன்ன தையல் ஓர ஈரத்துக்கு டிரையரில் ஒரு காரணம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். விரிப்பைப் போட்டால் அது சுருண்டு மூட்டையாகிவிடும், கூட இருக்கும் சின்னத் துணிகளையும் உள்ளே விழுங்கிவிடும். மேலே கொதிக்கக் கொதிக்கக் காய்ந்திருக்கும், நடுவில் ஈரம். ஈரத்தை உணரும் கருவி உள்ள டிரையர் என்றால், அது மேல் துணியைத் தொட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நிறுத்திவிடும். பாதி நேரத்தில் நிறுத்தி, விரிப்பை உதறி, வேறு பக்கமாக மடித்து மறுபடி போடுங்கள். வாஷரிலும் ஒற்றை விரிப்பைத் தனியாகப் போட்டால் ஒரு பக்கம் குவிந்து டிரம் ஆடும், 1400 சுற்றுக்கு ஏறாமலே நின்றுவிடும். இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் போட்டால் சரியாகச் சுற்றும்.

60 டிகிரியில் துவைக்கும்போது கடையில் சொன்ன நேரத்துக்கு முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். கோயம்புத்தூரில் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாக வரும், இங்கே 12, 15 டிகிரியில் வருகிறது. சூடாக்கவே கூடுதல் நேரமும் கரண்ட்டும் பிடிக்கும். மெஷினில் கோளாறு என்று எண்ண வேண்டாம்.

ஸ்வெட்டர், சால்வை, கம்பளிக் குல்லாய் எதையும் டிரையரில் போடாதீர்கள். பெரியவன் ஸ்வெட்டர் சின்னவனுக்கே போதாத அளவுக்குச் சுருங்கிவிடும். அவற்றைப் பிழிந்து ஒரு துண்டில் சுருட்டி, அழுத்தி, தட்டையாகப் பரப்புங்கள்.

இடத்தைப் பற்றி. இந்த மெஷின்கள் பெரும்பாலும் 60 சென்டிமீட்டர் அகலம். நாலடி என்பது 122 சென்டிமீட்டர். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டு சென்டிமீட்டர்தான் மிஞ்சும், வாஷர் சுற்றும்போது இரண்டும் இடித்துக்கொள்ளும். வாஷர் கீழே, டிரையர் மேலே என்று அடுக்குங்கள். அதற்கென்று விற்கும் சட்டத்தை வைத்துத்தான் அடுக்க வேண்டும், வெறுமனே தூக்கி வைக்கக் கூடாது. அடுக்கினால் உயரம் 170 சென்டிமீட்டர் ஆகும். சாய்ப்பின் தாழ்ந்த பக்கம் ஆறடியாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சுவரில் மாட்டும் சிறிய டிரையர் ரகம் உண்டு, ஆனால் சுவர் கல் சுவராகவோ கெட்டியான செங்கல் சுவராகவோ இருக்க வேண்டும்.

குழாய்க்காக ஜன்னல் கண்ணாடியை உடைக்க வேண்டாம். ஒரு கண்ணாடிப் பலகையை மட்டும் எடுத்துவிட்டு அந்த அளவுக்கு ஒரு அலுமினியத் தகடு வெட்டி, நடுவில் நாலு அங்குல வட்டம் போட்டுக் குழாயை மாட்டலாம். வீட்டைக் காலி செய்யும்போது கண்ணாடியைத் திரும்பப் பொருத்திக்கொள்ளலாம், வீட்டுக்காரருக்கும் ஆட்சேபம் இருக்காது. குழாய் நீளம் குறைவாகவும் வளைவு இல்லாமலும் இருக்கட்டும், வெளி வாயில் குருவி கூடு கட்டாமல் தடுக்க ஒரு மடிப்பு மூடி போடுங்கள்.

பணம் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் போதவில்லை என்றால் வாஷரை இப்போது வாங்குங்கள், டிரையரை அடுத்த மாதம் வாங்குங்கள். நல்ல பிழிதலே உங்களுக்குப் பாதி நிம்மதி தரும். சேர்ந்த மெஷினில் இப்படிப் பிரித்து வாங்க வழியே இல்லை.


அரவேனு வாசி:

அடுப்பை எடுத்துவிட்டோம். மாமியார் குளிருகிறது என்றார், சுடுதண்ணீர்ப் பை வாங்கிக் கொடுத்திருக்கிறோம். பில்களைப் பார்த்ததில் போன கார்த்திகையில் 310 யூனிட், 150 கூட்டினாலும் 500க்குள் வருகிறது. கணவரும் ஒப்புக்கொண்டார். வீட்டுக்காரரிடம் ஜன்னலைப் பற்றிக் கேட்டோம், சரி என்றார். தாழ்ந்த பக்கம் ஆறடி ஐந்து அங்குலம் இருக்கிறது.

ஒன்று மட்டும் பாக்கி அண்ணா. எங்கள் தொட்டி வீட்டுக்குப் பின்னால் மேட்டில் இருக்கிறது. தொட்டியின் அடிமட்டம் சாய்ப்புக் குழாயைவிடப் பன்னிரண்டு அடி உயரம். ஃபிரண்ட் லோடுக்கு அந்த அழுத்தம் போதுமா?


பெட்போர்டு மெக்கானிக்:

பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம் என்று கணக்கு. பன்னிரண்டு அடி என்றால் 3.6 மீட்டர், அதாவது 0.36 பார். தொட்டி நிறைந்திருந்தால் இன்னும் சற்று கூடும். வாங்கப் போகும் மாடலின் கையேட்டில் குறைந்தபட்ச அழுத்தம் 0.3 என்று போட்டிருந்தால் ஓடும், நிரம்பக் கொஞ்சம் நேரம் எடுக்கும். 0.5 என்று போட்டிருந்தால் சின்ன பூஸ்டர் பம்ப் ஒன்று தேவைப்படும். கடையில் பணம் கட்டுவதற்கு முன் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தொட்டியிலிருந்து வரும் குழாய் அரை அங்குலமாக இருந்தால் முக்கால் அங்குலமாக மாற்றுங்கள், வடிகட்டி வலையை மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள். மழைக்காலத்தில் மேட்டுத் தொட்டிக்குள் செம்மண் கலங்கி வரும்.